பீரோவும் பியூரோவும்: ஓர் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்பு, வீட்டில் திருட்டுப் போன ஒருவருடைய காப்பீட்டுக் கோப்பைத் தமிழாக்கும் வேலை வந்தது. சர்வேயர் ஆங்கிலத்தில் எழுதிய பதினொரு பக்க அறிக்கை. புதிதாகச் சேர்ந்திருந்த தம்பியிடம் கொடுத்தேன். சாயங்காலம் அவர் தந்ததைப் புரட்டினால் நான்காம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: "படுக்கையறையில் இருந்த பணியகத்தின் பூட்டை உடைத்து 6 பவுன் நகை எடுக்கப்பட்டுள்ளது."

தம்பியைக் குறை சொல்லி என்ன பயன்? அகராதியில் பியூரோ என்று தேடியிருக்கிறார், பணியகம் என்று இருந்திருக்கிறது, எழுதிவிட்டார். வேடிக்கை என்னவென்றால் அந்த ஒரு இடத்தில் மட்டும் மொழிபெயர்க்கவே தேவை இருக்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்த சொல் ஏற்கெனவே நம் வீட்டுச் சொல். பீரோ.

இந்த ஒரு சொல்லுக்குத் தமிழில் குறைந்தது பத்துப் பெயர்கள் புழங்குகின்றன. பணியகம், துறை, பிரிவு, அலுவலகம், காப்பகம், அமைவனம், மையம், நிலையம், குழு, கடைசியில் இரும்பு பீரோ. எதை எங்கே போடுவது என்று எனக்குப் பழக்கத்தில் வந்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அரசு அறிக்கை, செய்தி, கோர்ட் ஆவணம் என்று எதை மொழிபெயர்ப்பவருக்கும் உதவும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மூன்றாம், ஐந்தாம் படிகளை மட்டும் படித்தாலும் போதும்.

தொடங்குமுன்: சொல் வந்த வழி

பிரெஞ்சு மொழியில் 'பூர்' என்பது முரட்டுக் கம்பளித் துணி. எழுதும் மேசைமேல் அதை விரித்துப் போடுவார்கள். துணியின் பெயர் மேசைக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு மேசை இருக்கும் அறைக்கு, அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு, கடைசியில் அவர்கள் நடத்தும் அரசு அமைப்புக்கு. துணியிலிருந்து அரசாங்கம் வரைக்கும் ஒரே சொல் போயிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் இன்றும் மேசையையும் ஆபீஸையும் அதே பெயரில்தான் சொல்கிறார்.

ஆங்கிலத்துக்குப் போனபோது சொல் இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளை மரச்சாமான். பிரிட்டனில் இழுப்பறை வைத்த எழுதும் மேசை, அமெரிக்காவில் துணி அடுக்கும் இழுப்பறைப் பெட்டி. இன்னொரு கிளை அரசு அலுவலகம். நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது மரச்சாமான் கிளை. வந்த இடத்தில் மரம் இரும்பாகி, இழுப்பறை கதவாகி, நடுவில் லாக்கரும் முகப்பில் ஆளுயரக் கண்ணாடியும் சேர்ந்து, கல்யாணச் சீர்வரிசையில் கட்டிலுக்கு அடுத்த இடத்தைப் பிடித்துவிட்டது. சென்னையில் ஜன்னல் ஓரம் இருக்கும் பீரோவை வெளியிலிருந்தே இழுத்துத் திருடிய கும்பலுக்குப் 'பீரோ புல்லிங் கொள்ளையர்' என்று போலீஸும் பத்திரிகைகளும் பெயரே வைத்திருந்தன.

இந்தியில் அரசு அமைப்புகளை 'ப்யூரோ' என்றே எழுதிவிடுகிறார்கள். சி.பி.ஐ.யின் இந்திப் பெயரிலும் அது உண்டு, தர நிர்ணய அமைப்பின் பெயரிலும் உண்டு. தமிழில் அது ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு என் ஊகம் இது: 'மத்தியப் புலனாய்வு பீரோ' என்று எழுதினால் வாசகர் மனத்தில் முதலில் வந்து நிற்பது சாவிக்கொத்து. அதனால் நாம் ஒவ்வொரு முறையும் வேறு சொல் தேட வேண்டியதாயிற்று. ஆளுக்கொரு சொல்லைத் தேடி எடுத்ததில்தான் இந்தக் குழப்பம்.

முதல் படி: பொருளா, அலுவலகமா என்று பாருங்கள்

சூழலே சொல்லிவிடும். பூட்டு, சாவி, கண்ணாடி, படுக்கையறை, இழுப்பறை என்று பக்கத்தில் ஏதாவது வந்தால் அது சாமான். ஆனால் எந்தச் சாமான் என்றும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் எழுதிய ஆங்கிலம் என்றால் பீரோ என்றே விடலாம். பழைய ஆங்கில நாவலில் ஒருவர் பியூரோ முன் உட்கார்ந்து கடிதம் எழுதினால் அது எழுதும் மேசை. அங்கே பீரோ என்று போட்டால் அந்த மனிதர் இரும்புக் கதவைப் பார்த்துக் கடிதம் எழுதுவார். அமெரிக்கக் கதையில் பியூரோவின் மேல்தட்டை இழுத்தால் அது இழுப்பறைப் பெட்டி.

இலங்கை வாசகருக்கு எழுதினால் பீரோவும் வேண்டாம். அங்கே அது அலுமாரி. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்.

இரண்டாம் படி: அரசா, தனியாரா

பியூரோ என்று பெயர் இருந்தாலே அரசு என்று நினைத்துவிடக் கூடாது. மேரேஜ் பியூரோவை அரசா நடத்துகிறது? அதற்குத் 'திருமணத் தகவல் மையம்' என்ற பெயர் ஊருக்கு ஊர் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பணம் மாற்றும் இடம் 'நாணய மாற்று நிலையம்'. பத்திரிகை அலுவலகங்களில் 'டெல்லி பியூரோ', 'பியூரோ சீஃப்' என்று பேசிக்கொள்வார்கள்; அச்சில் 'டெல்லி செய்திப் பிரிவு' என்றால் புரிந்துவிடும்.

கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் கிரெடிட் பியூரோ. வங்கியில் கடன் கேட்டுப் போனவர் எல்லோருக்கும் சிபில் ஸ்கோர் தெரியும். அந்த சிபில் என்ற சுருக்கத்தில் வரும் 'பி' இதே பியூரோதான். ஆனால் இதை நெறிப்படுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றைக் கம்பெனிகள் என்றுதான் சொல்கிறது. ஆகவே 'கடன் தகவல் நிறுவனம்' என்பதே சரி. 'கடன் பணியகம்' என்று எழுதினால், அங்கே போனால் கடன் கிடைக்கும் என்று யாராவது மனு எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

மூன்றாம் படி: அந்த அமைப்பு தனக்குத் தானே வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயரைத் தேடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே அகராதிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஓர் அரசு அமைப்பு தமிழில் லெட்டர்ஹெட், பெயர்ப்பலகை, அறிவிக்கை, விளம்பரம் எதையாவது வெளியிட்டிருந்தால் அதிலுள்ள பெயர்தான் அதன் பெயர். நமக்கு அது பிடித்திருக்கிறதா என்பது கேள்வியே இல்லை.

வீட்டு பீரோவையே திறந்து பாருங்களேன். உள்ளே ஹால்மார்க் முத்திரை குத்திய வளையல் ஒன்று இருக்கும். உள்பக்கம் முக்கோண வடிவில் சின்னதாக ஒரு சின்னம், பக்கத்தில் 916 என்ற எண், புதிய நகையாக இருந்தால் ஆறு எழுத்து கொண்ட ஓர் அடையாளக் குறி. அந்தச் சின்னம் பி.ஐ.எஸ். அமைப்பினுடையது. 1947இல் ஐ.எஸ்.ஐ. என்ற பெயரில் தொடங்கி, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 1987 ஏப்ரல் 1 முதல் பியூரோவாக மாறியது. பெயர் மாறி இவ்வளவு காலம் ஆகியும் மிக்சி கடையில் 'ஐ.எஸ்.ஐ. மார்க்' என்றுதான் கேட்கிறோம். இதன் தமிழ்ப் பெயர் 'இந்திய தர நிர்ணய அமைவனம்'. அமைவனம் என்ற சொல்லை வேறு எங்கேயும் நான் அதிகம் பார்த்ததில்லை. இருந்தாலும் அதுதான் அதன் பெயர். பணியகம் என்று திருத்தும் உரிமை நமக்கு இல்லை.

1986இல் உருவான தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தைப் பாருங்கள். வருடா வருடம் குற்றப் புள்ளிவிவரம் வெளியிடும் அமைப்பு. ஆங்கிலத்தில் பியூரோ, தமிழில் காப்பகம். வேலை ஆவணங்களைத் திரட்டி வைப்பது என்பதால் பெயர்த்தவர் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பெயர்ப்பு இது. மத்திய அரசின் செய்திக் குறிப்புகளை வெளியிடும் பி.ஐ.பி., தமிழில் 'பத்திரிகை தகவல் அலுவலகம்'. இங்கே பியூரோ அலுவலகம் ஆகிவிட்டது.

ஆக, ஒரே ஆங்கிலச் சொல் மத்திய அரசுக்குள்ளேயே அமைவனம், காப்பகம், அலுவலகம் என்று மூன்றாக நிற்கிறது. இதில் ஒழுங்கு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெயரைத் தேடி எடுத்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருக்கும் நோட்டில் ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெயர், எந்த ஆவணத்தில் பார்த்தேன், எந்தத் தேதி என்று நான்கு பத்திகள். தேதி ஏன் என்றால், பெயர்கள் மாறும். 2021இல் தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தது, வேளாண்மைத் துறை 'வேளாண்மை - உழவர் நலத் துறை' ஆனது. பழைய நோட்டை நம்பிப் புதிய அரசாணையை மொழிபெயர்த்தால் மாட்டிக்கொள்வோம்.

நான்காம் படி: எந்த நாட்டுக்காரருக்கு எழுதுகிறீர்கள்

தமிழ் மூன்று நாடுகளில் அரசு அலுவல்களில் புழங்கும் மொழி. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றிலும் இந்தச் சொற்கள் தனித்தனியாக வளர்ந்திருக்கின்றன. ஒன்றை எடுத்து மற்றொன்றில் ஒட்ட முடியாது.

இலங்கையில் பியூரோ என்றால் பெரும்பாலும் பணியகம். 'இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்' என்பதை வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் எவரும் அறிவார். சிங்கப்பூரில் பிரிவு என்கிறார்கள்: 1971இல் தொடங்கிய 'மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு' அங்கே தினமும் செய்தியில் வரும் பெயர்.

டிபார்ட்மென்ட் என்ற சொல்லுக்கு வந்தால் வேறுபாடு இன்னும் அழுத்தமானது. தமிழ்நாட்டில் துறை, இலங்கையில் திணைக்களம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம், ஆட்பதிவுத் திணைக்களம், உள்நாட்டு இறைவரித் திணைக்களம். இந்தியத் தமிழ் வாசகர் திணைக்களத்தைப் பார்த்ததும் "இலங்கைத் தமிழில் ஏதோ புதிதாக உருவாக்கியிருக்கிறார்கள்" என்று நினைத்துக்கொள்வதுண்டு. தஞ்சைப் பக்கத்துக் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். சோழர் ஆட்சியில் நிலவரிக் கணக்கைப் பார்த்த அலுவலகத்தின் பெயர் 'புரவுவரித் திணைக்களம்'. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ்நாட்டு ஆபீஸ் சொல் இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பெயர்ப்பலகையில் இருக்கிறது, சென்னையில் இல்லை.

நமக்கு மிஞ்சிய துறையும் லேசுப்பட்ட சொல் இல்லை. ஆற்றில் இறங்கும் இடம், படகு ஒதுங்கும் இடம் அதன் பழைய பொருள். மயிலாடுதுறையும் பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் அப்படி வந்த பெயர்கள். புறநானூற்றுப் பாட்டுக்குக் கீழே திணை இன்னது, துறை இன்னது என்று குறிப்பு இருக்கும். பெரிய வகை திணை, அதற்குள் உட்பிரிவு துறை. அந்த ஜோடியில் திணையை இலங்கையும் துறையை இந்தியாவும் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டது போல இருக்கிறது. யாரும் பேசி வைத்துப் பிரித்துக்கொண்டதில்லைதான், ஆனாலும் எனக்கு இதை நினைத்தால் சிரிப்பு வரும்.

இடையில் இலாகா என்று ஒரு சொல் கோலோச்சியது. அரபியில் பிறந்து உருது வழியாக வந்தது. போலீஸ் இலாகா, மராமத்து இலாகா என்றுதான் என் தாத்தா பேசுவார். இன்று அலுவலகத்துக்கு அந்தச் சொல் போய்விட்டது. அமைச்சர் பொறுப்புக்கு மட்டும் தங்கிவிட்டது. 'இலாகா மாற்றம்', 'இலாகா இல்லாத அமைச்சர்' என்று தலைப்பில் இன்றும் வரும். 1950இல் நேரு அமைச்சரவையில் ராஜாஜி சேர்ந்தபோது முதலில் இலாகா இல்லாத அமைச்சராகத்தான் இருந்தார். 'துறை இல்லாத அமைச்சர்' என்று எழுதினால் தவறில்லை, ஆனால் காதில் ஒட்டாது.

ஒரே வேலைக்கு நாட்டுக்கு நாடு பெயர் எப்படி மாறும் என்பதற்கு வானிலையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஆஸ்திரேலியாவில் மழை வருமா என்று சொல்வது பியூரோ, 1908இல் வேலை தொடங்கியது. இந்தியாவில் அதே வேலையைச் செய்வது 1875இல் தொடங்கிய டிபார்ட்மென்ட். சென்னையில் இருப்பது அதன் மண்டல மையம் என்பதால் தமிழ்ச் செய்திகளில் எல்லாமே 'வானிலை ஆய்வு மையம்' ஆகிவிட்டது. இலங்கையில் 'வளிமண்டலவியல் திணைக்களம்'. சிட்னியில் இருக்கும் தமிழருக்கு நீங்கள் 'ஆஸ்திரேலிய வானிலை ஆய்வு மையம்' என்று எழுதினால் அவர் புரிந்துகொள்வார். 'வானிலைப் பணியகம்' என்று எழுதினாலும் புரிந்துகொள்வார், ஒரு நொடி யோசித்து. அந்த ஒரு நொடியை மிச்சம் பிடிப்பதுதான் நம் தொழில்.

ஐந்தாம் படி: மேலே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்

அரசு அமைப்புகளுக்குத் தாய் தந்தை உண்டு. இது தெரியாமல் எழுதினால் பேரனும் தாத்தாவும் ஒரே வயதாகிவிடுவார்கள்.

தமிழ்ச் செய்திகளில் அடிக்கடி சேர்ந்து வரும் மூன்று பெயர்கள்: வருமான வரித் துறை, அமலாக்கத் துறை, மத்தியப் புலனாய்வுத் துறை. தமிழில் மூன்றும் துறை. ஆங்கிலத்தில் முதலாவது டிபார்ட்மென்ட், இரண்டாவது டைரக்டரேட், மூன்றாவது பியூரோ. அமலாக்கத் துறை 1956இல் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கியது. அது நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறைக்குக் கீழே இருக்கிறது. அதாவது ஒரு 'துறை' இன்னொரு 'துறை'க்குக் கீழே. சி.பி.ஐ. 1963 ஏப்ரல் 1 அன்று உள்துறை அமைச்சகத் தீர்மானம் ஒன்றால் உருவானது. விசாரிக்கும் அதிகாரம் அதற்கு வருவது டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்திலிருந்து, அது 1946ஆம் ஆண்டுச் சட்டம். இன்று அது பணியாளர் அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

அன்றாடச் செய்திக்குத் துறை என்றே போடலாம், வாசகருக்குப் பழகிவிட்டது. ஆனால் சட்ட ஆவணத்திலோ, யாருக்கு மேல்முறையீடு செய்வது என்று விளக்கும் கட்டுரையிலோ அடுக்கு தெரிய வேண்டும். அங்கே 'அமலாக்க இயக்ககம்', 'மத்தியப் புலனாய்வுப் பணியகம்' என்று பிரித்து எழுதுவது நல்லது.

வருவாய்த் துறை என்ற பெயரிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டில் அது பட்டா, சிட்டா, தாசில்தார், வி.ஏ.ஓ. மத்திய அரசில் அது வருமான வரி, சுங்கம், ஜி.எஸ்.டி. "வருவாய்த் துறை அதிகாரிகள் சோதனை" என்று மொட்டையாக எழுதினால் கிராமத்து வாசகர் கிராம நிர்வாக அலுவலரை நினைப்பார். முதல் முறை வரும்போது 'மத்திய நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை' என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

அமெரிக்காவில் இந்த அடுக்கு இன்னும் தெளிவு. அங்கே டிபார்ட்மென்ட் என்பது நம் அமைச்சகத்துக்குச் சமம், பியூரோ அதற்குள் அடங்கியது. எஃப்.பி.ஐ. 1908இல் தொடங்கி 1935இல் இன்றைய பெயரைப் பெற்றது. நீதித் துறைக்குக் கீழே இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பியூரோ வணிகத் துறைக்குக் கீழே. ஆகவே அமெரிக்கச் செய்தியில் எஃப்.பி.ஐ.யையும் துறை என்று எழுதாதீர்கள்; 'புலனாய்வு அமைப்பு' என்றோ 'புலனாய்வுப் பணியகம்' என்றோ எழுதி, துறை என்ற சொல்லை மேலே இருப்பவருக்கு விட்டுவிடுங்கள். இன்னொன்று, அமெரிக்க ஸ்டேட் டிபார்ட்மென்ட் மாநிலத் துறை அல்ல, வெளியுறவுத் துறை. அதன் தலைவரைச் செக்ரட்டரி என்பார்கள். நம் ஊரில் செக்ரட்டரி என்றால் ஐ.ஏ.எஸ். அதிகாரி, அங்கே அவர் அமைச்சருக்கு நிகர். அதனால் 'வெளியுறவு அமைச்சர்'.

அண்டை மாநிலங்களையும் மறக்கக் கூடாது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் லஞ்சம் வாங்கும் அதிகாரியைப் பிடிப்பது பியூரோ. தமிழ்நாட்டில் அதே வேலையைச் செய்வது இயக்ககம். மக்கள் வாயில் எல்லா இடத்திலும் 'லஞ்ச ஒழிப்பு'.

ஆறாம் படி: பக்கத்து வீட்டுச் சொற்களிலிருந்து பிரித்துப் பாருங்கள்

பியூரோவுக்கு ஆங்கிலத்திலேயே சொந்தக்காரர் கூட்டம் அதிகம். ஏஜென்சி, டைரக்டரேட், கமிஷன், அத்தாரிட்டி, போர்டு, டிவிஷன், செல். ஒரே பத்தியில் இரண்டு மூன்று வந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித் தமிழ்ச் சொல் வைத்தே ஆக வேண்டும்.

ஏஜென்சிக்கு 'முகமை' நிலைபெற்றுவிட்டது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008 கடைசியில் உருவான தேசியப் புலனாய்வு முகமை அதை எல்லோர் வாயிலும் ஏற்றிவிட்டது. டைரக்டரேட் 'இயக்ககம்' அல்லது 'இயக்குநரகம்'. போர்டு 'வாரியம்'. தமிழ்நாடு மின்சார வாரியம் 2010இல் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரிந்துவிட்டாலும் கரண்ட் போனால் நாம் கூப்பிடுவது ஈ.பி.யைத்தான். டிவிஷன் 'கோட்டம்', செல் 'பிரிவு'.

சிக்கல் ஆணையத்தில் இருக்கிறது. இந்தியத் தமிழில் கமிஷனும் ஆணையம் (தேர்தல் ஆணையம்), அத்தாரிட்டியும் ஆணையம் (தேசிய நெடுஞ்சாலை ஆணையம்). கமிஷன் என்பது பலர் உட்கார்ந்து விசாரித்துச் சொல்வது, அத்தாரிட்டி என்பது ஒரு வேலையை நடத்தும் அதிகாரம் பெற்றது. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தது நம் தவறு என்றே நினைக்கிறேன். இலங்கைக்காரர் 'ஆணைக்குழு', 'அதிகார சபை' என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்களைப் பார்த்து எழுதினால் குறைந்துபோய்விட மாட்டோம்.

பியூரோவுக்கு நிலைபெற்ற தமிழ்ப் பெயர் எதுவும் கிடைக்காதபோது நான் போடுவது பணியகம். பணி நடக்கும் அகம் என்று பொருள் நேரே வருகிறது, மற்ற எதோடும் மோதுவதில்லை. ஒரே எச்சரிக்கை: பணிமனை என்று எழுதிவிடாதீர்கள். அது பஸ் டெப்போ. தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர் பந்தல் போட்டு நாற்காலி அடுக்குவதும் அதே பெயரில்தான்.

ஏழாம் படி: பியூரோ என்பது ஆட்களாகவும் இருக்கலாம்

இது நான் சறுக்கிய இடம். ஒரு சர்வதேச மாநாட்டு அறிக்கையில் "பியூரோ மதியம் கூடியது" என்று இருந்தது. "அலுவலகம் மதியம் கூடியது" என்று எழுதி அனுப்பிவிட்டேன். வாங்கியவர் போன் செய்து, "அலுவலகம் எப்படிக் கூடும் சார், கட்டடமெல்லாம் நடந்து வந்ததா?" என்றார். ஐ.நா. சார்ந்த குழுக்களில் பியூரோ என்றால் தலைவர், துணைத் தலைவர்கள், அறிக்கையாளர் ஆகியோர் அடங்கிய குழு. பொறுப்பாளர் குழு என்று எழுதினால் முடிந்தது.

கம்யூனிஸ்ட் கட்சிகளின் பொலிட்பீரோவும் இப்படித்தான். ரஷ்யாவிலிருந்து வந்த சொல், கட்சியின் உச்ச முடிவுகளை எடுக்கும் ஆட்கள். மார்க்சிஸ்ட் கட்சி தமிழில் 'அரசியல் தலைமைக் குழு' என்கிறது. செய்தியில் பொலிட்பீரோ என்றே எழுதுவதும் உண்டு. அரசு பீரோவுக்குக் கிடைக்காத அனுமதி இதற்கு மட்டும் எப்படியோ கிடைத்துவிட்டது.

பியூரோக்ரசி 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கிண்டலாகப் பிறந்த சொல். குர்னே என்ற பொருளியல் அறிஞர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். மேசைகளின் ஆட்சி என்று பொருள் வரும். தமிழில் ஆட்களைச் சொன்னால் 'அதிகார வர்க்கம்', போக்கைச் சொன்னால் 'அதிகாரத்துவம்', திட்டாமல் சும்மா சொன்னால் 'அரசு நிர்வாகம்'. மூன்றையும் மாற்றி மாற்றிப் போட வேண்டாம். மூலத்தில் கோபம் இல்லாத இடத்தில் அதிகார வர்க்கம் என்று எழுதினால் கோபத்தை நாம் ஊற்றியதாகிவிடும்.

எட்டாம் படி: வாக்கியத்தில் உட்கார வையுங்கள்

முதல் முறை முழுப் பெயர், அடுத்த முறையிலிருந்து சுருக்கம். வாசகருக்கு ஆங்கிலச் சுருக்கம் பழக்கம் என்றால் (சி.பி.ஐ., எஃப்.பி.ஐ.) அதையே வைக்கலாம், பழக்கம் இல்லையென்றால் 'பணியகம்' என்று மட்டும் தொடரலாம். ஒற்று: புலனாய்வுப் பணியகம், வேலைவாய்ப்புப் பணியகம், கட்டுப்பாட்டுப் பணியகம். அமைப்பு தன் பெயரை ஒற்றில்லாமல் எழுதியிருந்தால் பெயரில் கை வைக்காதீர்கள், உங்கள் வாக்கியத்தில் மட்டும் ஒற்றைக் கவனியுங்கள்.

ஒரு பத்தியில் முயன்று பார்ப்போம்

பயிற்சிக்காக நானே கட்டிய செய்தி. ஆங்கிலத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: விமான நிலையத்தில் இமிக்ரேஷன் பியூரோ அதிகாரிகள் பயணி ஒருவரை நிறுத்துகிறார்கள், நார்கோடிக்ஸ் பியூரோவிடம் ஒப்படைக்கிறார்கள், அவர் வீட்டில் ஒரு பியூரோவைத் திறந்து பணத்தைப் பறிமுதல் செய்கிறார்கள்.

மூன்று பியூரோ. மூன்றாவது சாமான் என்று முதல் படியிலேயே தெரிந்துவிட்டது. முதல் இரண்டும் அரசு, இந்தியா, இரண்டுமே உள்துறை அமைச்சகத்தின் கீழ். அடுக்கில் மோதல் இல்லை. சென்னை நாளிதழ்கள் இமிக்ரேஷனைக் 'குடியுரிமை' என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. குடியுரிமை என்பது பிரஜையாக இருக்கும் உரிமை, கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் வேலை அல்ல. இலங்கையில் 'குடிவரவு மற்றும் குடியகல்வு' என்று துல்லியமாகச் சொல்கிறார்கள். அதிலிருந்து குடிவரவைக் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

"சென்னை விமான நிலையத்தில் குடிவரவுப் பணியக அதிகாரிகள் பயணி ஒருவரைத் தடுத்து நிறுத்தி, போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்திடம் ஒப்படைத்தனர். அவரது வீட்டைச் சோதனையிட்ட அதிகாரிகள் பீரோவில் இருந்த பணத்தைப் பறிமுதல் செய்தனர்."

இதே செய்தி யாழ்ப்பாணத்துப் பத்திரிகைக்குப் போவதாக இருந்தால் பீரோவை அடித்துவிட்டு அலுமாரி என்று போடுங்கள். மற்ற இரண்டு பெயரும் அப்படியே இருக்கட்டும், அமைப்புகள் இந்தியாவினுடையவை.